குறை கார்புரேட்டரிலா, வேறிடத்திலா?
பழைய ஸ்போர்ட்ஸ் காரைப் புதுப்பிப்போருக்குச் சில விளக்கங்கள்

நெடுங்காலம் ஓடாமல் கிடந்த ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரைப் புதுப்பிக்க முற்படுபவர் முதலில் துருவை அகற்றுகிறார், நசுங்கிய தகடுகளைச் சீர் செய்கிறார், வர்ணம் பூசுகிறார், இருக்கைகளுக்குப் புதுத் தோல் தைக்கிறார். மாதங்கள் பல கழிந்தபின் எஞ்சினை இயக்கிப் பார்க்கும் நாள் வருகிறது. எஞ்சின் கிளம்புகிறது, ஆனால் சீராக ஓடுவதில்லை. இருமுகிறது, கரும்புகை கக்குகிறது, ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் தயங்கி நின்றுவிடுகிறது. சூழ நிற்போர் அனைவரும் ஒருமுகமாகக் கூறும் தீர்ப்பு, "கார்புரேட்டர் கெட்டுவிட்டது, அதை மாற்றிவிடுங்கள்" என்பதே.

இத்தீர்ப்பு பல சமயங்களில் பிழையானது. வேறு பாகங்களில் உள்ள குறைகளும் கார்புரேட்டரின் குறைபோலவே தோற்றமளிப்பது இதற்குக் காரணம். அவசரத்தால் விளையும் தீங்கோ சிறிதன்று. வண்டியுடன் பிறந்த அசல் சாதனம் கழற்றி எறியப்படுகிறது, பணம் வீணாகிறது, உண்மையான குறை உள்ளேயே தங்கிவிடுகிறது. பெட்ரோல் குறைந்த கலவையில் தொடர்ந்து ஓட்டினால் எஞ்சினின் வால்வுகள் கருகிப்போகும். பெட்ரோல் வழிந்து சூடான புகைக்குழாயின்மீது விழுந்தால் வண்டியே தீக்கிரையாகவும் கூடும். ஆகவே, எதை முதலில் சோதிப்பது, எதை இறுதியில் தொடுவது என்னும் வரிசைமுறையை அறிந்துகொள்வது இன்றியமையாதது. அதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எடுத்துக்கொண்ட உதாரணம்

பொதுப்படப் பேசுவதைவிட ஒரு குறிப்பிட்ட வண்டியை எடுத்துக்கொள்வது தெளிவு தரும். இங்கிலாந்தில் ஆபிங்டன் நகரத்துத் தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை எம்.ஜி.பி. என்னும் ஸ்போர்ட்ஸ் கார் உற்பத்தி செய்யப்பட்டது. ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் வெளிவந்தமையால், பழைய கார்களைப் புதுப்பிப்போரிடையே உலகெங்கும் இது நன்கு அறிமுகமானது. இதன் நான்கு சிலிண்டர் எஞ்சின் 1798 கன சென்டிமீட்டர் கொள்ளளவு உடையது; 'பி' வரிசை எனப்படும் குடும்பத்தைச் சேர்ந்தது. அதே குடும்பத்தின் 1489 கன சென்டிமீட்டர் எஞ்சின்தான் நம் நாட்டின் அம்பாஸிடர் காரிலும் பல்லாண்டு காலம் இயங்கியது. அம்பாஸிடர் எஞ்சினில் கை பழகிய மெக்கானிக்குக்கு எம்.ஜி.பி.யின் எஞ்சின் முற்றிலும் புதியதன்று.

1970களின் தொடக்கம் வரை எம்.ஜி.பி.யில் எஸ்.யு. நிறுவனத்தின் எச்.எஸ்.4 என்னும் கார்புரேட்டர்கள் இரண்டு பொருத்தப்பட்டன. எஸ்.யு. என்பது 'ஸ்கின்னர் யூனியன்' என்பதன் சுருக்கம். ஜார்ஜ் ஹெர்பர்ட் ஸ்கின்னர் என்பவர் 1905-ஆம் ஆண்டில் இவ்வகைக் கார்புரேட்டருக்குக் காப்புரிமை கோரி விண்ணப்பித்தார். 1910-இல் இதற்கென நிறுவனம் அமைந்தது. தொடக்கத்தில் இதன் அசையும் பாகம் தோலினாலான ஒரு துருத்தியாக இருந்தது. பின்னர் அதன் இடத்தில் உலோகப் பிஸ்டன் வந்தது. அடிப்படைத் தத்துவம் மட்டும் மாறவில்லை.

கார்புரேட்டர் இயங்கும் விதம்

பெட்ரோலை நுண்துளிகளாகச் சிதறச்செய்து, தக்க அளவில் காற்றுடன் கலந்து எஞ்சினுக்கு அனுப்புவதே கார்புரேட்டரின் கடமை. ஒரு பங்கு எடை பெட்ரோல் முழுமையாக எரிவதற்கு ஏறத்தாழ 14.7 பங்கு எடை காற்று வேண்டும். எஞ்சின் மெதுவாக ஓடினாலும் வேகமாக ஓடினாலும் இவ்விகிதம் பெரிதும் பிறழாதிருக்க வேண்டும்.

எஸ்.யு. சாதனம் இதனை எளிமையாக நிறைவேற்றுகிறது. காற்று செல்லும் வழியின் குறுக்கே ஒரு பிஸ்டன் தொங்குகிறது. எஞ்சின் காற்றை அதிகமாக இழுக்கும்போது பிஸ்டனுக்கு மேலுள்ள அறையில் அழுத்தம் குறைகிறது. பிஸ்டன் உயர்ந்து காற்றுக்கு வழிவிடுகிறது. காற்றின் தேவை குறைந்தால் அது தாழ்கிறது. வழியின் அளவு இவ்வாறு தேவைக்கேற்ப மாறுவதால், அவ்வழியே செல்லும் காற்றின் வேகம் ஏறத்தாழ ஒரே நிலையில் இருக்கிறது. பிஸ்டனின் அடியில் பொருத்தப்பட்ட ஓர் ஊசி, கீழே உள்ள ஜெட்டு என்னும் சிறு துளைக்குள் இறங்கி நிற்கிறது. எம்.ஜி.பி.யில் இத்துளையின் விட்டம் 0.090 அங்குலம், அதாவது சுமார் 2.3 மில்லிமீட்டர். ஊசி நுனியை நோக்கி மெலிந்து செல்வதால், பிஸ்டன் உயர உயர ஜெட்டில் இடைவெளி கூடுகிறது, பெட்ரோலும் கூடுகிறது.

பக்கத்தில் உள்ள மிதவைக் கிண்ணம் பெட்ரோலின் மட்டத்தைக் காக்கிறது. பிஸ்டன் தண்டினுள் எண்ணெயில் மூழ்கி நிற்கும் டாம்பர், பிஸ்டன் திடீரென மேலெழாதவாறு தடுக்கிறது. இதனால் ஆக்ஸிலரேட்டரை மிதித்த கணத்தில் கலவையில் பெட்ரோல் சற்று மிகுந்து, எஞ்சின் தயங்காமல் வேகமெடுக்கிறது. குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பும்போது சோக் பிடியை இழுத்தால் ஜெட்டு கீழிறங்கிப் பெட்ரோலை மிகுதியாக்குகிறது.

அசையும் பாகங்கள் இவ்வளவு சிலவே. ஆகவே கெட்டுப்போகக்கூடியவையும் சிலவே. இதை மனத்திற் கொண்டு சோதனைக்குச் செல்வோம்.

முதற் சோதனை: ஸ்பார்க் பிளக்குகள்

எஞ்சினை நன்கு சூடேறும் வரை ஓட்டி நிறுத்திய பின்னர், நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி வரிசையாக வைத்துப் பார்க்க வேண்டும். முனை கன்னங்கரேலென்று புகை படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி என்றும், வெண்ணிறமாக இருந்தால் குறைவு என்றும், சாம்பல் கலந்த பழுப்பு நிறமாயின் நன்று என்றும் கொள்வது வழக்கம். ஈயம் நீக்கிய பெட்ரோல் வந்தபின் நிறம் முன்போல் தெளிவாகப் பதிவதில்லை. எனினும், நான்கையும் ஒன்றோடொன்று ஒப்பிடுவதால் கிடைக்கும் பயன் குறையவில்லை.

இவ்வெஞ்சினில் முன்புறக் கார்புரேட்டர் முதல் இரு சிலிண்டர்களுக்கும், பின்புறக் கார்புரேட்டர் கடைசி இரு சிலிண்டர்களுக்கும் கலவை வழங்குகிறது. ஆகவே ஒரே ஒரு பிளக்கு மட்டும் வேறுபட்டிருந்தால் பழியைக் கார்புரேட்டர்மீது சுமத்துவது பொருந்தாது. அந்தச் சிலிண்டரின் வால்வையோ, பிளக்கையோ, கம்பியையோ ஐயுற வேண்டும். முன்னிரண்டும் ஒருவிதமாகவும் பின்னிரண்டும் வேறுவிதமாகவும் இருந்தால் இரு கார்புரேட்டர்களுக்கிடையே ஒற்றுமை இல்லை என்று பொருள். நான்கும் ஒருபோல் தவறாக இருந்தால் காரணம் பொதுவானது. கருவி எதுவுமின்றி, கண்ணால் பார்த்தே இவ்வளவும் அறியலாம்.

எஞ்சினும் மின்பொறியும்

அடுத்து வால்வுகளின் இடைவெளியைச் சரிபார்க்க வேண்டும். எம்.ஜி.பி.க்கு உரிய அளவு, எஞ்சின் குளிர்ந்த நிலையில் 0.015 அங்குலம், அதாவது 0.38 மில்லிமீட்டர். நான்கு சிலிண்டர்களின் அமுக்க அழுத்தத்தையும் அளந்து, அவை ஒன்றுக்கொன்று நெருங்கியிருக்கின்றனவா எனக் காண வேண்டும். அமுக்கம் குன்றிய சிலிண்டரை எந்தக் கார்புரேட்டராலும் சீர்ப்படுத்த இயலாது.

பின்னர் மின்பொறியைக் கவனிக்க வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டரில் பாயிண்டுகளின் இடைவெளி 0.014 முதல் 0.016 அங்குலம் வரை இருக்கலாம். நெடுநாள் கிடந்த வண்டியில் பாயிண்டுகள் கறுத்துப்போயிருக்கும், கண்டென்சர் பழுதுபட்டிருக்கும். கண்டென்சர் தளர்ந்தால் எஞ்சின் வேகமெடுக்கையில் விக்கி விக்கித் திணறும். பெட்ரோல் கிட்டாத எஞ்சினும் அவ்வாறே திணறும். இரண்டையும் வேறுபடுத்தி அறியாமல் கார்புரேட்டரைக் கழற்றியவர்கள் பலர். பற்றவைப்பு நேரத்தையும் ஒழுங்குபடுத்திய பிறகே எரிபொருள் பக்கம் திரும்ப வேண்டும்.

பெட்ரோல் வந்து சேருகிறதா?

எம்.ஜி.பி.யில் பெட்ரோல் பம்பு மின்சாரத்தால் இயங்குவது. வண்டியின் பின்புறத்தில் அமைந்தது. எஞ்சினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் திருப்பினால் பம்பு 'டிக் டிக்' என ஒலித்து, மிதவைக் கிண்ணங்கள் நிரம்பியதும் அடங்கிவிட வேண்டும். ஒலியே இல்லையெனில் பம்பின் மின்தொடர்பில் குறை. ஒலி அடங்காமல் விரைந்து ஒலித்தால் தொட்டியில் பெட்ரோல் இல்லை, அல்லது பம்புக்குப் பின்னால் உள்ள குழாயில் காற்று புகுகிறது, அல்லது கிண்ணத்தின் வால்வு மூடாமல் பெட்ரோல் வழிகிறது.

சில மைல்கள் நன்றாக ஓடிய பின்னர் எஞ்சின் நின்று, சற்றுநேரம் கழித்துத் தானே கிளம்பினால், தொட்டிக்குள் காற்று புகும் வழியை ஐயுறலாம். அவ்வழி அடைபட்டால் பம்பு பெட்ரோலை இழுக்க இயலாது. எஞ்சின் நின்றதும் தொட்டியின் மூடியைத் திறக்கையில் காற்று உள்ளே சீறிப் பாய்ந்தால் காரணம் அதுவே. தொட்டியின் உட்துரு பெயர்ந்து வடிகட்டியை அடைப்பதும் பழைய வண்டிகளில் சாதாரணமாகக் காணப்படுவது.

அழையாது நுழையும் காற்று

கார்புரேட்டரின் வழியே அன்றி வேறிடத்திலிருந்து எஞ்சினுக்குள் காற்று புகுமானால் கலவையில் பெட்ரோல் குறையும். எஞ்சின் மெதுவான ஓட்டத்தில் நிலைகொள்ளாது; கார்புரேட்டர் வாய் வழியாகத் துப்பும். எஞ்சின் சூடேறிய பின்பும் சோக் பிடியைச் சிறிது இழுத்தவுடன் ஓட்டம் திருந்தினால் கலவையில் பெட்ரோல் குறைவு என்பது உறுதியாகும்; ஓட்டம் மேலும் கெட்டால் பெட்ரோல் மிகுதி.

காற்று நுழையும் இடங்கள் பெரும்பாலும் இவை: மானிபோல்டுக்கும் கார்புரேட்டருக்கும் இடையே உள்ள காஸ்கெட்டுகள், பிரேக் உதவிச் சாதனத்துக்கும் டிஸ்ட்ரிபியூட்டருக்கும் செல்லும் ரப்பர்க் குழாய்கள், எஞ்சினின் உள்வாயுவை வெளியேற்றும் வால்வில் கிழிந்த சவ்வு, தேய்ந்துபோன திராட்டில் தண்டு. தண்டைப் பிடித்து மேலும் கீழும் அசைத்தால் தேய்மானம் கைக்குத் தெரியும். எஞ்சின் மெதுவாக ஓடுகையில் தண்டின் இருமுனைகளிலும் தூரிகையால் சிறிது மெல்லிய எண்ணெய் தடவினால், ஒழுக்கு ஒரு கணம் அடைபட்டு ஓட்டம் மாறும்.

இச்சோதனைக்குப் பெட்ரோலையோ எளிதில் தீப்பற்றும் திரவங்களையோ தெளிப்பதைச் சிலர் கைக்கொள்கின்றனர். இவ்வெஞ்சினில் கார்புரேட்டர்களும் புகைக்குழாய்களும் ஒரே பக்கத்தில், ஒன்றின்கீழ் ஒன்றாக அமைந்துள்ளன. ஆகவே அம்முறை பேராபத்தானது, அறவே விலக்கத்தக்கது. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள வெப்பத்தடுப்புத் தகட்டையும் கழற்றி எறிந்துவிடக் கூடாது.

இறுதியாகக் கார்புரேட்டர்

மேற்கூறிய யாவும் சரியாக இருந்து, குறை நீங்காவிடில் மட்டுமே கார்புரேட்டரில் கை வைக்கலாம். முதலில் பிஸ்டனை அதன் கீழுள்ள சிறு பொத்தானால் உயர்த்தி விட வேண்டும். அது தடையின்றி இறங்கி, மெல்லிய 'டக்' என்னும் ஒலியுடன் அமர வேண்டும். ஒட்டிக்கொண்டு நின்றால் உட்புறத்தில் அழுக்கு படிந்திருக்கும், அல்லது ஊசி ஜெட்டின் சுவரை உராயும். அழுக்கைத் தகுந்த கரைப்பானால் கழுவ வேண்டும், உப்புத்தாளால் தேய்க்கலாகாது. பிஸ்டனுக்கும் அறைக்கும் இடையே உள்ள நுண்ணிய இடைவெளியே இச்சாதனத்தின் உயிர்நாடி. ஒரு கார்புரேட்டரின் அறையை மற்றதன் பிஸ்டனோடு மாற்றிப் பொருத்துவதும் இக்காரணத்தாலேயே தவறாகும்.

ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும் கணத்தில் மட்டும் தயக்கம் காணப்பட்டால் டாம்பரின் எண்ணெயைப் பார்க்க வேண்டும். 20 தர எஞ்சின் எண்ணெய் இதற்கு ஏற்றது. டாம்பரை உள்ளே இறக்கும்போது, மூடி மரையைத் தொடுவதற்கு ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் முன்னதாகவே கையில் தடை தென்பட்டால் எண்ணெய் போதுமானது. ஒரு தேக்கரண்டி எண்ணெயால் தீரக்கூடிய இக்குறைக்காகப் புதுக் கார்புரேட்டர் வாங்கியவர்களும் உண்டு.

பெட்ரோல் வழிந்தால் மிதவையைக் கழற்றிக் காதருகே குலுக்கிப் பார்க்கலாம். உள்ளே திரவ ஒலி கேட்டால் மிதவை ஓட்டையாகிவிட்டது. ஊசிவால்வின் கூம்பில் வளையம்போல் தேய்வு விழுந்திருந்தால் அதையும் அதன் இருக்கையையும் சேர்த்து மாற்ற வேண்டும். கிண்ணத்தையும் ஜெட்டையும் இணைக்கும் நெகிழ்குழாயின் மூட்டில் ஈரம் கண்டால் ஒருநாளும் பொறுத்தலாகாது. அது புகைக்குழாயின் மேல் சொட்டக்கூடிய ஈரம்.

இரட்டையரை ஒத்திசைத்தல்

குறைகள் நீங்கியபின் அளவை ஒழுங்குபடுத்த வேண்டும். இரு கார்புரேட்டர்களையும் பிணைக்கும் தண்டின் பிடிகளைத் தளர்த்தி, ஒரு ரப்பர்க் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறுமுனையைக் கார்புரேட்டரின் வாயிலும் வைத்துக் கேட்டால் காற்றின் சீற்றம் கேட்கும். இரண்டிலும் சீற்றம் சமமாகும்வரை திராட்டில் திருகுகளைத் திருப்ப வேண்டும்.

பின்னர் ஜெட்டின் கீழுள்ள அறுகோண நட்டினால் கலவையைச் சீர் செய்யலாம். தொடக்க நிலையாக, ஜெட்டின் தலை அதன் மேடையோடு சமமாக நிற்கும் நிலையிலிருந்து நட்டை இரண்டு முழுச் சுற்றுகள் கீழே இறக்கி வைக்கலாம். எஞ்சின் சூடேறிய பின்னர், ஒரு முறைக்கு ஒரு பட்டை மட்டுமே திருப்ப வேண்டும். கீழிறக்கினால் பெட்ரோல் கூடும், மேலேற்றினால் குறையும். ஒவ்வொரு முறையும் பிஸ்டனைச் சுமார் 0.8 மில்லிமீட்டர் உயர்த்திப் பார்க்க வேண்டும். எஞ்சினின் வேகம் கூடி, கூடியபடியே நின்றால் பெட்ரோல் மிகுதி. வேகம் உடனே தளர்ந்தால் பெட்ரோல் குறைவு. ஒரு கணம் சிறிது கூடிப் பழைய நிலைக்குத் திரும்பினால் கலவை சரியானது. முடிவில் பிணைப்புப் பிடிகளை மீண்டும் இறுக்க மறத்தலாகாது.

இன்றைய பெட்ரோல், அன்றைய சாதனம்

இவ்வண்டிகள் உருவானபோது இல்லாத ஒரு காரணமும் இன்று சேர்ந்திருக்கிறது. நம் நாட்டில் 2023-ஆம் ஆண்டு முதல் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்து, 2025-க்குள் நாடெங்கும் பரவியது. எத்தனாலில் ஆக்ஸிஜன் அடங்கியிருப்பதால், ஒரு பங்கு எத்தனால் எரிவதற்கு ஏறத்தாழ 9 பங்கு காற்றே போதும். 20 சதவீதக் கலவைக்குத் தேவையான காற்று ஏறத்தாழ 13.5 பங்கு. எனவே தூய பெட்ரோலுக்கு அளவிடப்பட்ட பழைய ஊசி, இப்புதிய எரிபொருளைத் தேவைக்குக் குறைவாகவே வழங்கும். எஞ்சினில் எக்குறையும் இல்லாமலே குறைவுக் கலவையின் அறிகுறிகள் தோன்றுவது இதனால்தான். ஜெட்டின் நட்டைச் சிறிது இறக்குவதும், தேவையாயின் சற்று மெலிந்த ஊசியைத் தேர்ந்து பொருத்துவதும் இதற்குப் பரிகாரமாகும்.

எத்தனால் பழைய ரப்பரை ஊறச்செய்து வலுவிழக்கச் செய்யும். காற்றிலுள்ள ஈரத்தையும் ஈர்க்கும். மாதக்கணக்கில் நிற்கும் வண்டியின் தொட்டியிலும் கிண்ணத்திலும் துரு ஏறுவதற்கு இது காரணமாகிறது. ஆகவே குழாய்களையும் வளையங்களையும் எத்தனாலைத் தாங்கவல்ல பொருளால் ஆனவையாக மாற்றிவிடுவதே பாதுகாப்பு.

வரலாறு தரும் ஒரு பாடம்

காரணத்தை அறிந்து குறையைத் தீர்ப்பதற்கு எஸ்.யு. கார்புரேட்டரின் வரலாற்றிலேயே ஒரு சிறந்த சான்று உண்டு. 1940-ஆம் ஆண்டு வான்போரில் பிரிட்டனின் ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன் விமானங்களின் மெர்லின் எஞ்சின்களுக்கு இந்நிறுவனத்தின் மிதவைக் கார்புரேட்டர்களே பொருத்தப்பட்டிருந்தன. விமானம் திடீரென மூக்கைத் தாழ்த்திப் பாயும்போது எஞ்சின் செயலற்றுப் போயிற்று. நேரடியாக எரிபொருள் பீய்ச்சப்படும் ஜெர்மானிய எஞ்சின்களுக்கு இத்தொல்லை இல்லை. எதிரியைத் துரத்தும் விமானிக்கு அந்தச் சில வினாடிகள் உயிருக்கு உலை வைப்பவை.

ஃபார்ன்பரோ விமான ஆராய்ச்சி நிலையத்தில் பணிபுரிந்த பீட்ரிஸ் ஷில்லிங் என்னும் பொறியியல் அறிஞர் இதை ஆராய்ந்தார். பாயும் கணத்தில் பெட்ரோல் கிண்ணத்தின் மேற்புறத்துக்கு எறியப்படுவதால் முதலில் ஒரு தடுமாற்றம் ஏற்படுகிறது. பின்னர் மிதவை நிலைதவறி வால்வு திறந்து, பெட்ரோல் வெள்ளமாகப் புகுந்து எஞ்சினை மூச்சுத் திணறச் செய்கிறது. இரண்டாவதே பெருங்கேடு. அவர் கண்ட பரிகாரம், எஞ்சினின் உச்சத் தேவைக்கு மேற்பட்ட பெட்ரோலைச் செல்லவிடாத ஒரு சிறு துளையுள்ள பித்தளைத் துண்டு. 1941-இல் அது விமானப்படை விமானங்களில் பொருத்தப்பட்டது. முழுமையான தீர்வு அன்று எனினும், புதிய வகைக் கார்புரேட்டர்கள் வந்து சேரும்வரை அது காத்து நின்றது.

போர்க்களத்தின் அவசரத்திலும் சாதனத்தைத் தூக்கி எறியாமல், பெட்ரோல் எவ்வழியே எவ்வளவு செல்கிறது என்று பொறுமையாக வினவியவர் அவர். அவ்வினாவே நம் கொட்டகையில் நிற்கும் பழைய காருக்கும் உரியது. வால்வு, மின்பொறி, பெட்ரோல் வரத்து, காற்றுக் கசிவு, இறுதியில் கார்புரேட்டர் என்னும் வரிசையைப் பின்பற்றி, ஒரு முறைக்கு ஒரு மாற்றம் மட்டும் செய்து, அதன் விளைவைக் குறித்துக்கொண்டு முன்செல்பவருக்குப் பெரும்பாலான குறைகள் கார்புரேட்டரைத் தொடுமுன்னரே புலப்பட்டுவிடும். எஞ்சியவற்றையும் புதியதொன்று வாங்காமலே தீர்க்க இயலும்.